சந்தா முடிகிற மாதம்

மே 1

இந்த நோட்டு ஒரே ஒரு காரியத்துக்காக. முப்பத்தோராம் தேதி ஆஸ்ட்ரவேலின் வருடச் சந்தா முடிகிறது. மறுபடி கட்டுவதா, நிறுத்துவதா என்று நான்தான் தீர்மானிக்க வேண்டும். கார்டு என்னுடையது, ஓடிபி வருகிற போனும் என்னுடையது.

ஆஸ்ட்ரவேல் என்பது கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டு. காடு, கோட்டை, மந்திரவாதி, பறக்கும் பாம்பு எல்லாம் உண்டு. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஆளுக்கொரு வேடத்தில் திரிகிறார்கள். என் கணவர் அமல்ராஜ் தினமும் ஏழு மணி நேரம் அதற்குள் இருக்கிறார். என்னோடு ஏழு நிமிடம் பேசினால் அதிகம்.

நான் பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் எடுக்கிறேன். எதையும் வாங்குமுன் அது தகுமா என்று எழுதிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கோடை விடுமுறை. எழுதிப் பார்க்கிறேன்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு, தை மாதம், மணப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பும்போது கார் சாலையின் நடுச்சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. எனக்குக் கையில் ஏழு தையல். அவருக்குக் கழுத்தில் தண்டுவடம். நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியாது. தோளையும் முழங்கையையும் அசைப்பார், விரல்கள் மடங்காது. வலது உள்ளங்கையில் ஒரு குச்சியைப் பட்டையால் கட்டிவிட்டால் அதை வைத்து எழுத்துகளைத் தட்டுவார். இடது மணிக்கட்டால் ஒரு பெரிய உருண்டை மவுஸை உருட்டுவார். அப்படித்தான் ஆடுகிறார்.

கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போது அவருக்குத் தலைவலி. அதனால்

அது இங்கே வேண்டாம். இந்த நோட்டு விளையாட்டைப் பற்றியது.

மே 2

காலையில் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன். “இந்த வருஷம் அந்த கேம நிறுத்திடலாமாங்க?”

“உன் இஷ்டம்.”

“உங்களுக்கு வேணுமா, வேணாமா?”

“உன் இஷ்டம்னு சொன்னேன்ல, ஜெசி.”

இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் இதே பதில். இட்லியா தோசையா, ஜன்னலைத் திறக்கவா மூடவா, எதற்கும் என் இஷ்டம். கோபம் இல்லாத குரல். கோபப்பட்டால் தேவலை என்று இருக்கும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு மாதம் இலவசமாம். நானே உள்ளே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஆய்வு செய்கிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருவார்?

மே 3

அவர் முன்னறையில் ஆடுகிறார். நான் சமையலறை மேடையில் பள்ளிக்கூட லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். இடையில் ஒரு சுவர், பன்னிரண்டு அடி தூரம். நான் கேள்வித்தாள் தயாரிப்பதாக நினைத்திருப்பார்.

பெயர் கேட்டது. கண்ணெதிரே இருந்த டப்பாவில் எழுதியிருந்ததை அடித்தேன். ஆகவே ஆஸ்ட்ரவேலில் என் பெயர் சீரகம். பழுப்பு உடுப்பும் கையில் ஒரு தடியும் கொடுத்தார்கள். முதல் வேலை, பன்னிரண்டு காட்டு இலைகள் பறிப்பது. பறித்துக் கொடுத்தால் இன்னும் பன்னிரண்டு கேட்கிறார்கள். இதற்குச் சந்தா வேறு.

முதல் நாள் கருத்து: தகாது.

மே 5

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. அவருக்கு வியர்க்காது. உடம்பு சூட்டை வெளியே விடத் தெரியாமல் கொதிக்கும். மணிக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன்.

மத்தியானம் ஒரு சதுப்பு நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. ஐந்து முறை செத்தேன். முதலை, புதைசேறு, மறுபடி முதலை. தமிழ் ஆட்கள் கூடும் பொது அறையில் “யாராவது உதவி செய்யுங்கள்” என்று எழுதினேன். “தடம் வருவாரு, அங்கயே நில்லுங்க” என்று ஒருவர் பதில் போட்டார்.

சிறிது நேரத்தில் சேற்றுக்கு நடுவே ஒருவன் வந்தான். நெட்டை உருவம், பச்சைப் போர்வை, நீளக் கால்கள். தலைக்கு மேல் ‘தடம்’ என்று பெயர்.

சுவருக்கு அந்தப் பக்கம் குச்சி தட்டும் ஓசை கேட்டது. டக். டக். டக். என் திரையில் எழுத்துகள் வந்தன.

“வணக்கம் சீரகம். நல்ல பேரு. என் பின்னாடியே வாங்க. நான் காலு வெச்ச எடத்துல மட்டும் காலு வைங்க.”

நான் அவரைத் தேடிப் போகவில்லை. அந்தச் சதுப்பு எல்லாரும் கடந்தாக வேண்டிய வழி.

மே 8

நான்கு நாட்களாகத் தடத்தோடு நடக்கிறேன். புதிதாக வருகிறவர்களைச் சதுப்பில் கூட்டிப் போய் அக்கரையில் விடுவதுதான் அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. இதுவரை முந்நூறு பேருக்கு மேல் கடத்திவிட்டிருக்கிறார். மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஆடும் மாரி என்ற பெண் சொன்னாள். லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், இவர்கள் கூட்டத்தில் ரொம்ப நாள் ஆள்.

அங்கே அவர் பேசுகிறார். கேலி செய்கிறார். ஒரு சொல் தட்ட அரை நிமிடம் ஆகிறது, எல்லாரும் பொறுமையாக நிற்கிறார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக எழுதுகிறார் என்று மாரியிடம் கேட்டேன். “அவருக்கு ஆபீஸ் வேல லா. வேல பாத்துக்கிட்டே ஆடுவாரு” என்றாள்.

சாயங்காலம் நான் போய் யூரின் பையை மாற்றினேன். “இன்னிக்கு என்ன பண்ணீங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்ல” என்றார்.

மே 10

திண்டுக்கல்லிலிருந்து அவருடைய அக்கா ஆரோக்கியமேரி அண்ணி வந்தார். தம்பியின் தலையைத் தடவி அழுதார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூட்டி வந்தார்.

“என்னடி இது, நாள் பூரா பொம்மை ஆடிக்கிட்டு இருக்கான். நீயும் பாத்துக்கிட்டு இருக்க. ஜெபமாலைய கையில குடுத்தியா?”

“கையில பிடிக்க முடியாதுங்க அண்ணி.”

“எப்படி இருந்த புள்ள.” மறுபடி கண்ணைத் துடைத்தார். “உன்னச் சொல்லி என்னாகப் போகுது. லைசென்ஸ் எடுத்து மூணு மாசம்தான். உனக்கும்தான் என்ன தெரியும்.”

நான் டீ வைத்தேன். அண்ணிக்குச் சர்க்கரை கூடாது என்பதை மறந்து இரண்டு கரண்டி போட்டுவிட்டேன்.

மே 12

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

சதுப்பைத் தாண்டி ஒரு படகுத்துறை இருக்கிறது. படகு வரக் கால் மணி நேரம் ஆகும். அங்கேதான் எல்லாரும் கதை பேசுவார்கள். இன்று மாரி தன் வீட்டுக்காரரோடு நடந்த சண்டையைச் சொன்னாள். பேசவே பிடிக்கவில்லை என்றாள்.

டக். டக். வெகுநேரம்.

“பேசிடு மாரி. எனக்குப் பேச ஆள் இல்ல.”

நான் கேட்டேன், “உங்க வீட்ல?”

“என் மனைவி எறந்துட்டா. கார் ஆக்ஸிடெண்ட்ல. நான்தான் ஓட்டினேன். தலவலி. அவ ஓட்டறேன்னு சொன்னா, நான் சாவியக் குடுக்கல. குடுத்திருந்தா பொழச்சிருப்பா. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல.”

மாரி கும்பிடுவது போல ஒரு படம் போட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆஸ்ட்ரவேலில் நான் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. முன்னறையிலிருந்து அவர் சத்தம் கொடுத்தார். “ஜெசி, ஏதோ தீயுது பாரு.”

“பாத்துக்கிறேங்க” என்றேன்.

மே 13

அவரைக் குளிப்பாட்டினேன். முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. மருந்து போட்டேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

மே 14

கேட்டிருக்கக் கூடாது. படகுத்துறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். “உங்க மனைவி எப்படி இருப்பாங்க?” என்று அடித்துவிட்டேன்.

குச்சி ஓசை நின்றது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு ஆரம்பித்தது. இருபது நிமிடம் தட்டினார். படகு வந்து போனது, இருவரும் ஏறவில்லை.

“டீச்சர். பேப்பர் திருத்தும்போது பென்சிலக் கொண்டைல சொருகிட்டு வீடு பூரா தேடுவா. ஜோக் சொன்னா முடிக்கிறதுக்குள்ள அவளே சிரிச்சிடுவா. என்ன ஜோக்குன்னு கடைசி வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது. கோயில்ல பாட்டு ராகம் விட்டுப் பாடுவா. நான் தள்ளி உக்காருவேன். அவ வேணும்னே சத்தமாப் பாடுவா.”

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி:

“அவ சிரிச்சுக் கேட்டு ரொம்ப நாளாச்சு.”

இறந்தவளைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்ல மாட்டார். தவறிப்போய் எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். நான் எதுவும் கேட்கவில்லை.

மே 17

தடம் சதுப்புக்கு வரும் மூன்று மணி எப்போது ஆகும் என்று காத்திருக்கிறேன். இன்று தடம் எனக்குச் சதுப்பில் தனியே நடக்கக் கற்றுக்கொடுத்தார். தண்ணீரில் குமிழி வந்தால் முதலை, நாணல் வளைந்திருந்தால் தரை கெட்டி. நான் தவறிச் செத்தபோதெல்லாம், “பரவால்ல சீரகம், மறுபடி வாங்க, நான் இங்கயேதான் நிப்பேன்” என்றார்.

நான் எழுந்து போய் அவருக்கு இளநீர் கொடுத்தேன். உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையில் சீரகம் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கிற பார்வையில் நூற்றில் ஒரு பங்கு எனக்கு இல்லை.

சந்தா கட்டலாம். ஒன்றுக்கும் உதவாத இலை பறிப்புகள், தினமும் மூன்று தரம் நின்றுபோகும் சர்வர், எல்லாக் குறையும் சேர்த்தே சொல்கிறேன். கட்டலாம். தகும்.

மே 19

இன்று முதுகைத் துடைக்கும்போது அவராகவே பேசினார்.

“ஜெசி, அந்த கேமுக்குப் பணம் கட்டிடாத.”

“ஏங்க? நான் கட்டலாம்னு முடிவு பண்ணிட்டேனே.”

“வேணாம். போதும்.”

“அப்புறம் பொழுது எப்படிப் போகும்?”

“போகும்.” பிறகு, “இத்தன நாள் கட்டுனதுக்குத் தேங்ஸ்” என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவர் எனக்குத் தேங்ஸ் சொன்னதில்லை. முந்தாநாள் அண்ணிக்குப் போன் போடச் சொல்லி அரை மணி நேரம் பேசினார். நேற்று, தன் பி.எஃப். பணத்துக்கு யாரை நாமினியாகப் போட்டிருக்கிறது என்று கேட்டார். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

மே 20

மாரி எனக்குத் தனியாகச் செய்தி போட்டிருந்தாள்.

“சீரகம் அக்கா, ஒன்னு கேக்கணும். தடம் எனக்கு அவரோட குதிரையக் குடுத்துட்டாரு. ரெண்டு வருசம் சேத்து வாங்குனது லா. வில்லு ஒருத்தருக்கு, வீடு ஒருத்தருக்கு. எல்லாத்தையும் குடுக்குறாரு. ஏன்னு கேட்டா மாசக் கடைசியோட போறேங்குறாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன். பதிலே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. எங்க மாமாவும் இப்படித்தான் எல்லாத்தையும் குடுத்தாரு.”

என் பையைத் திறந்து பார்த்தேன். பச்சைப் போர்வை அதில் இருந்தது. எப்போது போட்டார் என்று தெரியவில்லை.

மே 21

எழுத்து கோணலாக வருகிறது.

மூன்று மணிக்கு உள்ளே போனேன். அவர் படகுத்துறையில் இருந்தார். போர்வை இல்லாமல், என் முதல் நாள் உடுப்பு போன்ற ஒன்றில்.

“எங்க போறீங்க?” என்றேன்.

“எங்கயும் இல்ல. போதும்னு தோணுது.”

“எது போதும்?”

நெடுநேரம் டக் டக்.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன் சீரகம். எங்க வீட்ல ஒரு டீச்சர் இருக்காங்க. என்னைப் பாத்துக்கறாங்க. ரெண்டு வருஷமா தூங்கல. தப்பு செஞ்சவங்க தண்டனை கழிக்கிற மாதிரி கழிக்கிறாங்க. நான் இருக்கற வரைக்கும் அவங்களுக்கு விடுதல இல்ல. நான் போயிட்டா பொழச்சுக்குவாங்க.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். சார்ஜர் வயர் இழுத்து எண்ணெய்த் தூக்கு கவிழ்ந்தது. அவர் கட்டிலுக்கு எதிரே திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் திரையில் தடமும் சீரகமும். என் திரையிலும் தடமும் சீரகமும்.

“போகக் கூடாது. நீங்க எங்கயும் போகக் கூடாது.”

அவர் ஒரு திரையைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார்.

“எத்தன நாளா?”

“அஞ்சாந் தேதிலேருந்து.”

“எல்லாத்தையும் படிச்சியா?”

“படிச்சேங்க.”

“என் உடம்புல நீ தொடாத எடம் இல்ல. கக்கூஸ் முதக்கொண்டு நீதான். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், ஜெசி. அங்கயும் வந்துட்டியா?”

கையை வீசினார். குச்சி பட்டு உருண்டை மவுஸ் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. நான் குனிந்து எடுத்தேன். “வை. அத அங்கயே போட்டுட்டுப் போ” என்றார்.

மே 22

சாப்பிடவில்லை. தண்ணீரும் இரண்டே வாய். பேச்சு இல்லை.

மனநல டாக்டர் வைதேகிக்குப் போன் செய்தேன். விபத்துக்குப் பிறகு ஒருமுறை பார்த்தவர். “அவரைத் தனியா விடாதீங்க. மாத்திரை டப்பா உங்க கையில இருக்கட்டும். சாகணும்னு நினைக்கிறீங்களான்னு நேராவே கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்பட வேணாம். அது முன்னாடியே வந்தாச்சு. நான் இருபத்தெட்டாந் தேதி வீட்டுக்கு வர்றேன், அதுக்குள்ள மோசமானா உடனே கூப்பிடுங்க” என்றார்.

கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு “ஆமா” என்றார்.

மே 23

பாய் எடுத்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். நான்கு கரண்டி கஞ்சி.

மே 24

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஜன்னல் வழியே கோயில் மைக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மே 25

சிறுநீர் கலங்கலாக வருகிறது. தண்ணீர் குடியுங்கள் என்று கெஞ்சினேன். காலில் விழுவேன் என்றேன். “விழுந்தா எனக்குத் தெரியாது” என்றார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

மே 26

மாரி எழுதியிருந்தாள். தடம் வராததால் புது ஆட்கள் சதுப்பின் கரையில் தேங்கி நிற்கிறார்களாம். ஒன்பது பேர். “நீங்களாச்சும் வாங்க அக்கா, உங்களுக்குத்தான் சொல்லிக்குடுத்திருக்காரு.”

எனக்கு என்ன தோன்றியதோ, லேப்டாப்பை எடுத்து வந்து அவர் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கண்ணுக்கு நேராகத் திரை தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டேன். ஒளிந்து ஆடியது போதும்.

ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பத்தடியில் இருவரை முதலை பிடித்தது. மிச்சப் பேரோடு புதைசேற்றில் நின்றேன். எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. நாணல் எல்லாமே வளைந்திருந்த மாதிரி தெரிந்தது. என்னை நம்பி ஏழு பேர் பின்னால் நிற்கிறார்கள். விளையாட்டுதான், செத்தால் மறுபடி எழுந்துகொள்வார்கள். தெரிகிறது. ஆனாலும் விரலை அசைக்க முடியவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் வெளிச்சம் வந்தால் இப்படித்தான் கை உறைந்துபோகும்.

“எடது பக்கம்” என்றார்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று பயம்.

“எடது பக்கம் போ. அந்த மரத்த ஒட்டி. வேகமாப் போகாத, பின்னாடி வர்றவனுக்குத் தடுமாறுது பாரு. நில்லு. குமிழி. இப்பப் போ.”

ஏழு பேரும் கரையேறினார்கள். அவர் தண்ணீர் கேட்டார். முழு டம்ளரும் குடித்தார்.

மே 27

வண்டி ஓட்டியது நான்.

இரண்டு வருடத்தில் இதை முதல்முறை எழுதுகிறேன். போலீசிடம் சொன்னேன், இன்சூரன்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டேன், அவரிடம் மட்டும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறந்தபோது, “கார் கவுந்துடுச்சுங்க” என்றேன். தானாகக் கவிழ்ந்தது போல. அதற்குப் பிறகு இருவருமே அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகவில்லை.

இன்று காலை அவர் முகத்தைச் சவரம் செய்து முடித்த பிறகு சொன்னேன். கையில் பிளேடு இருக்கும்போது சொல்ல முடியவில்லை.

“நான்தாங்க ஓட்டினேன். எதுத்தாப்புல லாரி வெளிச்சம். எனக்குக் கண்ணு கூசிடுச்சு. பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சிட்டேன்.”

“தெரியும். பக்கத்துலதான இருந்தேன்.”

“நீங்க ஏன் ஒரு தடவகூடத் திட்டல?”

“நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். மொத மாசம் பாத்தேன், ஆறாவது மாசம் பாத்தேன். நீ என்னத் தொடச்ச, புரட்டிப் போட்ட, சாப்பாடு குடுத்த. அதச் சொல்லவே இல்ல. கோவம் கோவமா வந்துச்சு. வாயத் தெறந்தா அதுதான் வரும்னு எதையுமே பேசாம விட்டுட்டேன்.”

“அதனாலதான் அங்க என்னச் சாகடிச்சீங்களா?”

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. நான் துடைக்கவில்லை.

“செத்தவ மேல கோவமா இருக்க முடியாதுல்ல. அங்க போனா உன் மேல கோவமில்லாம இருந்தேன். உன்னப் பத்தி நல்லதாப் பேச முடிஞ்சுது. அதுக்காகத்தான் தெனமும் போனேன்.”

“இப்ப?”

“இப்பவும் கோவமாத்தான் இருக்கு.”

“இருக்கட்டுங்க. உசுரோட இருந்து கோவப்படுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.”

திட்டினார். ஆம், உண்மையாகவே திட்டினார். கண் கூசினால் காலை எடுக்கத் தெரியாதா என்றார். மூன்று மாத லைசென்ஸை வைத்துக்கொண்டு ‘நான் ஓட்டுகிறேன்’ என்று ஏன் சொன்னாய் என்றார். குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது. அவரால் தானாக இரும முடியாது. நான் நெஞ்சில் கை வைத்து அழுத்தி இருமச் செய்தேன். இருமி முடித்துவிட்டு மறுபடி திட்டினார். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, எதுவும் பிரச்சினையா என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லங்க, பேசிக்கிட்டிருக்கோம்” என்றேன்.

மே 28

டாக்டர் வைதேகி வந்தார். அவரோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். புது மாத்திரை எழுதிக்கொடுத்தார். வாரம் ஒருமுறை வருவதாகச் சொன்னார். வாசலில் செருப்பு போடும்போது, “அந்த எண்ணம் இன்னும் இருக்கு. போயிடுச்சுன்னு நெனச்சு அசந்துடாதீங்க. உங்களுக்கும் தூக்கம் வேணும், வேளைக்கு ஒரு ஆள் வைங்க” என்றார்.

மத்தியானத்துக்கு மட்டும் ஓர் அட்டெண்டர் வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 30

சதுப்புக்குப் போகலாம் என்றார். கையில் குச்சியைக் கட்டிவிட்டேன். நான் எழுந்து சமையலறைக்குப் போகப் பார்த்தேன். அது அவருடைய இடம்.

“இரு” என்றார்.

படகுத்துறையில் மாரியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். எங்கே போனீர்கள், உடம்பு சரியில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் தட்ட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக விழுவதைப் பார்த்தேன்.

“உங்க எல்லார்கிட்டயும் ஒரு பொய் சொல்லியிருக்கேன். எனக்கு ஆபீஸ் கெடையாது. நெஞ்சுக்குக் கீழ வேல செய்யாது, வெரலும் மடங்காது. ஒரு குச்சியால தட்டறேன். என் மனைவி சாகல. பக்கத்துல உக்காந்திருக்கா.”

அவர் நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

“மிச்சத்தையும் எழுதவா?”

கிள்ளானில் ஒருத்தி, சென்னையில் ஒருவர், பாரிசில் ஒருவர், முகமே தெரியாத பத்துப் பேர். அவர்களுக்குத் தெரிந்தால் என்ன? ஆனாலும் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“எழுதுங்க” என்றேன்.

டக். டக். டக்.

“கார அவதான் ஓட்டினா. எனக்குத் தலவலி. சாவியக் குடுத்தது நான்.”

மாரி ஒரே ஒரு வரி போட்டாள். “ரெண்டு பேரும் சாப்டீங்களா?”

மே 31

மத்தியானம் பன்னிரண்டு மணி. பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு, ஒரு மாதத்துக்கு என்று மூன்று கட்டங்கள்.

“வருஷத்துக்குப் போட்டா சல்லிசுங்க” என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

“ஒரு மாசம் போடு.”

“வருஷமே போடலாமே.”

“ஜெசி. ஒரு மாசம்.”

ஒரு மாதம் என்றால் ஜூன் முப்பது. நான் கேட்டே விட்டேன். “ஜூன் முப்பதாந் தேதி?”

“அன்னிக்கு மறுபடி கேளு.”

“என்ன சொல்லுவீங்க?”

“தெரியல” என்றார்.

என் இஷ்டம் என்று சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு என்று இருந்த கட்டத்தை அழுத்தினேன். போனில் ஓடிபி வந்தது. ஆறு எண்களையும் அவருக்குச் சத்தமாகப் படித்தேன். குச்சியால் ஒவ்வொன்றாக அவரே தட்டினார்.